செம்பனை ஊரில் 80 லிட்டர் கடல்: வீட்டில் சிறு பவளத் தொட்டி அமைக்க முழு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பாகாவ் போன்ற செம்பனைத் தோட்ட ஊர்களில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர் கடையில் முதலில் விசாரிப்பது விளக்கைத்தான். எந்த எல்இடி, எத்தனை வாட், எவ்வளவு நீலம் என்று. விளக்கு அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. இங்கே பவளத் தொட்டியைக் கொல்வது பகல் வெக்கை, குழாய்த் தண்ணீர், வீட்டில் ஆளில்லாத நேரத்தில் விழும் சுவிட்ச், காற்றில் கலந்து வரும் மருந்தும் புகையும். கையில் இருக்கும் பணத்தை முதலில் குளிர்விப்புக்கும் தண்ணீருக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் விளக்கு வாங்கலாம்.

எந்த அளவுத் தொட்டி

60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம். பாறையும் மணலும் போக ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 80 லிட்டருக்குத்தான். மேசைமேல் வைக்கும் 20, 30 லிட்டர் தொட்டி விலை குறைவு என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு நத்தை செத்து அழுகினாலே அதில் அம்மோனியா ஏறிவிடும். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் உப்பு ஏறிவிடும். பெரிய தொட்டி பிழையைப் பொறுக்கும், சின்னது பொறுக்காது.

பின்பக்கம் மூன்று அறை தடுத்த தொட்டியாகப் பாருங்கள். முதல் அறையில் பஞ்சு, இரண்டாவதில் கார்பன் பையும் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் சின்ன ஸ்கிம்மரும், மூன்றாவதில் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் மோட்டார். கீழே தனியாக சம்ப் தொட்டி வைக்கும் முறை நல்லதுதான். ஆனால் கரண்டு போகும்போது மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும் கணக்கைத் தப்பாகப் போட்டால் வரவேற்பறை முழுக்க உப்புத் தண்ணீர். முதல் தொட்டிக்கு அந்த வம்பு வேண்டாம்.

தண்ணீர், பாறை, மணல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 150 கிலோ வரும். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டு சிமெண்டுத் தரை தாங்கும். பழைய தோட்ட லயத்தில் பலகைத் தரை என்றால் சுவரோரம், கீழே விட்டம் ஓடும் இடத்துக்குக் குறுக்காக வையுங்கள். ஸ்டாண்டு இரும்புக் குழாயில் பற்றவைத்து நல்ல பெயிண்ட் அடித்ததாக இருக்கட்டும். மரத்தூள் பலகை அலமாரி உப்புத் தண்ணீர் பட்டு உப்பிவிடும். நல்ல மரத்தைக் கரையான் விடாது. ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் சமம் பாருங்கள். தொட்டிக்கு அடியில் 5 மி.மீ. ஃபோம் விரிப்பு ஒன்று.

மேற்குப் பார்த்த சன்னல், சாமி மேடை, அடுப்படி இந்த மூன்றுக்கும் பக்கத்தில் தொட்டி வேண்டாம். தாளிப்புப் புகையின் எண்ணெய் தண்ணீர் மேல் ஏடாகப் படிந்து காற்று கலப்பதைத் தடுக்கும். சாமி மேடைக்கு ஏன் தூரம் என்பது பின்னால் வருகிறது.

வெக்கையை அடக்குவது

தகரக் கூரை வீட்டு முன்னறையில் மதியம் 2 மணிக்கு 32, 33 டிகிரி சாதாரணம். மோட்டாரும் விளக்கும் தரும் சூடு சேர்ந்தால் தொட்டி 31ஐத் தொடும். நமக்கு வேண்டியது 26 முதல் 28 டிகிரி, அதுவும் ஒரே நாளில் 1 டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல்.

“நம் கடலே 29 டிகிரிதானே, அங்கே பவளம் வளரவில்லையா?” என்று கேட்பார்கள். வளர்கிறது, ஆனால் விளிம்பில் நின்று வளர்கிறது. ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். அந்தப் பாசிதான் அதற்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு கொடுப்பது. 2010ல் இப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் தீவுகளைச் சுற்றிச் சில முக்குளிப்பு இடங்களையே மூடி வைத்தார்கள். கடலிலாவது நீரோட்டம் உண்டு. 80 லிட்டரில் சூடு ஏறினால் கூடவே ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்குக் கரையும், 30 டிகிரியில் 6.2தான்.

மலிவான வழி விசிறி. 12 செ.மீ. கணினி விசிறி இரண்டை, தண்ணீர்மேல் சாய்வாகக் காற்று படும்படி தொட்டி விளிம்பில் மாட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துப்போகும் வெப்பம் ஏறக்குறைய 2400 கிலோஜூல். வெளிச்சூடு உள்ளே வராமல் இருந்தால் அது 80 லிட்டரை 7 டிகிரி இறக்கப் போதும். நடைமுறையில் அறைச்சூடு வந்துகொண்டே இருப்பதால் 2, 3 டிகிரி குறையும். மழை நாளில் காற்று ஈரமாக இருந்தால் விசிறியின் பலன் குறையும், ஆனால் அன்றைக்கு அறையும் குளிர்ந்திருக்கும். விசிறியை நேராக பிளக்கில் போடாமல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக இணைத்து 27 டிகிரி, வித்தியாசம் 0.5 என்று வையுங்கள்.

விசிறி போட்டும் பிற்பகலில் 29ஐத் தாண்டினால் 1/10 குதிரைத்திறன் சில்லர் வாங்கத்தான் வேண்டும். தொட்டியைவிட விலை கூடும். அதன் பின்பக்கம் வீசும் வெப்பக்காற்று வெளியேற இடமும் வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் சில்லர் தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓய்வில்லாமல் ஓடும். படுக்கையறையில் ஏர்கோன் இருக்கிறதே, அங்கே வைக்கலாமா என்றால், இரவு மட்டும் ஏர்கோன் ஓடும் அறை மோசமான இடம். விடியற்காலை 24, மதியம் 30 என்று தினம் தூக்கியடிக்கும். அதைவிட அசையாத 28 எவ்வளவோ மேல். ஹீட்டரும் தொட்டியோடு சேர்த்து விற்பார்கள், வாங்காதீர்கள்.

இன்னொரு சின்ன யுக்தி: விளக்கை மாலை 3 மணிக்குப் போட்டு இரவு 11க்கு அணையுங்கள். உச்சி வெயில் சூட்டோடு விளக்குச் சூடு சேராது. வேலை முடிந்து வந்து பார்க்கவும் தொட்டி வெளிச்சமாக இருக்கும்.

தண்ணீரும் உப்பும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமின், செப்பு, பாஸ்பேட், சிலிக்கேட் எதுவும் இருக்கலாம். பவளத்துக்குத் தேவை ஆர்ஓ (சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும்) வடிகட்டியும் அதற்குப் பின் மிச்ச உப்பயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசினும் தாண்டிய தண்ணீர். தண்ணீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். வரிசை இப்படி: 5 மைக்ரான் வண்டல் வடிகட்டி, கார்பன் பிளாக், சவ்வு, கடைசியில் பிசின்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் அழுத்தம். ஆர்ஓ சவ்வுக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். குளியலறைக் குழாய்க்குத் தண்ணீர் வருவது கூரைக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து. அதில் பத்து பிஎஸ்ஐகூடத் தேறாது. சமையலறைக் குழாய் பெரும்பாலான வீடுகளில் நேரடி லைன். அங்கே மாட்டுங்கள், அல்லது பூஸ்டர் பம்பு சேருங்கள். அழுத்தம் குறைந்தால் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், கழிவு மட்டும் கொட்டும், பிசின் சீக்கிரம் தீரும். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கும்போது வண்டல் வடிகட்டி ஆறு மாதம் தாங்காது, பழுப்பேறியதும் மாற்றுங்கள். ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு மூன்று பங்கு கழிவு போகும். அது குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம் செறிவு கூடியது, அவ்வளவே. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம், அஞ்சடி (வீட்டு முன்நடை) கழுவலாம்.

கடைவாசலில் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்ஓ இயந்திரத் தண்ணீரும் சிலர் எடுக்கிறார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால் டிடிஎஸ் மீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். 10க்குள் காட்டினால் அவசரத்துக்கு எடுக்கலாம், 40 காட்டினால் குடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கோர் தீவுக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு டின் கடல்தண்ணீர் பிடித்துவரும் யோசனையை விட்டுவிடுங்கள். மலாக்கா நீரிணைக் கரையோரத் தண்ணீரில் ஆற்று வண்டலும் படகு எண்ணெயும் கலந்திருக்கும், மழைக்குப்பின் உப்பும் இறங்கியிருக்கும். சமையல் உப்பும் ஆகாது. அதில் கால்சியம், மெக்னீசியம், கார்பனேட் கிடையாது. பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்புத்தூள்தான் வேண்டும்.

கலக்கும் முறை: மூடியுள்ள உணவுத்தரப் பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. மாற்றிப் போட்டால் அடியில் செறிவு கூடிக் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வெள்ளையாகக் கலங்கும். அந்தத் தண்ணீர் திரும்பச் சரியாகாது. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், பிராண்டைப் பொறுத்து. முதல் நிரப்புக்கு ஏறக்குறைய 3 கிலோ, அதன்பின் வாரம் 8 லிட்டர் மாற்ற 300 கிராம். 20 கிலோ பெட்டி ஒரு வருடத்துக்கு மேல் வரும், ஆனால் நம் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஒரே மாதத்தில் கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள்.

மோட்டார் போட்டு இரவு முழுக்கச் சுழலவிட்டு, காலையில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். இலக்கு 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு), அடர்த்திக் கணக்கில் 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைப்பதைவிட 35 பிபிடி சரிபார்ப்புத் திரவத்தில் வைப்பது நம்பகம். நாம் அளக்கப்போவது அந்த இடத்தைத்தானே. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும், வாங்க வேண்டாம்.

ஆவியாவதைத் திருப்பி ஊற்றுவது

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. ஆகவே குறையும் அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீரை ஊற்ற வேண்டும். விசிறி ஓடும் தொட்டியில் நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகலாம். பின்னறைத் தொட்டியில் முன்பக்க மட்டம் அசையாது. இறங்குவது மோட்டார் இருக்கும் கடைசி அறையில் மட்டும். 15க்கு 12 செ.மீ. அறை என்றால் ஒரே நாளில் 8 செ.மீ. இறங்கும். மோட்டார் காற்றை இழுத்து நுண்குமிழிகளைத் தொட்டிக்குள் துப்பும். இன்னொரு நாள் விட்டால் வறண்டு எரிந்துபோகும்.

தானாக ஊற்றும் கருவி கட்டாயம் என்றே சொல்வோம். உணர்வியை மோட்டார் அறையில் பொருத்துங்கள், பக்கத்தில் 10 லிட்டர் டப்பா. அதைவிடப் பெரிதாக வைக்காதீர்கள்: உணர்வி சிக்கி 10 லிட்டரும் கொட்டிவிட்டால் உப்பு 35லிருந்து 31க்கு இறங்கும், பெரும்பாலானவை தப்பிக்கும். 30 லிட்டர் கொட்டினால் 25க்குப் போய்விடும். டப்பாவிலிருந்து வரும் குழாயின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். மூழ்கினால் மோட்டார் நின்ற பிறகும் சைபனாக ஓடும்.

மின்சாரம்

கரண்டு போவதைவிட மோசம், இடி மின்னலில் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச்) விழுந்து, வீட்டார் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பது. தெரு முழுக்க வெளிச்சம், உங்கள் தொட்டி மட்டும் நின்றிருக்கும். மீன் அதிகமுள்ள தொட்டியில் நான்கைந்து மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர ஆரம்பிக்கும். கரண்டு போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்று மோட்டார் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் 24 வோல்ட் டிசி வகையாக இருந்தால் பேக்கப் பேட்டரியிலும் ஓட்டலாம்.

வடங்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. எக்ஸ்டென்ஷன் கட்டையைத் தரையில் போடாமல் சுவரில், தொட்டிக்குப் பக்கவாட்டில் அறையுங்கள். உப்புப் படிந்த சாக்கெட்டில் பல்லி ஓடினால் போதும், ஆர்சிசிபி விழும். கை விடும் முன் மோட்டார்களை அணைக்கும் பழக்கம் முதல் நாளே வரட்டும்.

நீரோட்டத்துக்கு மணிக்கு 2000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்றும், 800 முதல் 1000 லிட்டர் திருப்பும் மோட்டார் ஒன்றும் போதும். விளக்கு மென்பவளத்துக்கும் பெரிய பாலிப் வகைகளுக்கும் 50 முதல் 150 பார் (பாசி பயன்படுத்தும் ஒளியின் அளவு) தருவதாக இருந்தால் சரி, நாளைக்கு 8 மணி நேரம். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 200க்கு மேல் வேண்டும், ஆனால் அவற்றை முதல் வருடம் நினைக்கவே வேண்டாம்.

அடுக்கும் வரிசை

முதலில் குழாய்த் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் ஒழுகுகிறதா பாருங்கள். ஒட்டு மூலைகளில் டிஷ்யூ தாளை அழுத்தித் தடவினால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரியும். வடித்துத் துடையுங்கள்.

உலர்ந்த நுண்துளைப் பாறை 7, 8 கிலோ. கண்ணாடித் தரையில் நேராகப் பாறையை நிறுத்திப் பிறகுதான் மணல். மணல்மேல் பாறை வைத்தால் நாளை ஏதாவது மீன் அடியில் தோண்டும், பாறை சரிந்து கண்ணாடியில் இடிக்கும். சுற்றிலும் 8 முதல் 10 செ.மீ. விட்டால்தான் காந்தத் துடைப்பான் போகும். துண்டுகளை ஜெல் சூப்பர் குளூவும் எபாக்சி களிமண்ணும் சேர்த்து ஒட்டலாம். சுவர் மாதிரி அடுக்காமல் குகையும் இடைவெளியுமாக விடுங்கள். தண்ணீர் ஓடாத மூலையில் கழிவு சேரும்.

மணல் அராகனைட் என்ற சுண்ணாம்பு வகை, 1 முதல் 2 மி.மீ. மணி, 3 செ.மீ. ஆழத்துக்கு 10, 12 கிலோ. ஆற்று மணலும் பழைய ஈயக்குட்டை மணலும் ஆகாது. ஒரு தட்டை மணல்மேல் வைத்து அதன்மேல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் கலங்குவது குறையும். மேலே கண்ணாடி மூடி போடாதீர்கள், விசிறியின் வேலையே கெட்டுவிடும். 6 மி.மீ. கண் கொண்ட நைலான் வலைச் சட்டம் போடுங்கள். மீன் வெளியே குதிக்காது, பல்லி உள்ளே விழாது.

பக்குவமாகும் வரை

தொட்டி ஓட ஆரம்பித்து உப்பும் சூடும் நிலைத்ததும் அம்மோனியம் குளோரைடு அரை கிராம் கரைத்து ஊற்றுங்கள். 80 லிட்டரில் அது 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா தரும். பாட்டிலில் வரும் நைட்ரிஃபையிங் பாக்டீரியாவையும் சேருங்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டாவது மெதுவாகப் பெருகும், அதனால்தான் நைட்ரைட் பல நாள் இறங்காமல் நிற்கும். விளக்கு அணைந்தே இருக்கட்டும். வெளிச்சம் போட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் 0 ஆனால் தொட்டி தயார். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நைட்ரேட் 20க்கு மேல் இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். “பாட்டில் ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம்” என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

உயிர்கள்

முதலில் ட்ரோக்கஸ் நத்தை நான்கு. கவிழ்ந்தால் தானே நிமிரும் என்பதால் டர்போவைவிட அதைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டு வாரம் கழித்து மீன். 80 லிட்டருக்கு மூன்று சின்ன மீன் போதும்: வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன் ஜோடி, கூட ஒரு ஃபயர்ஃபிஷ் அல்லது கோபி. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒன்று சின்னதும் ஒன்று பெரியதுமாகக் கேட்டு வாங்குங்கள், சண்டை குறையும். நீல டேங் இந்தத் தொட்டிக்கு ஆகாது, அதற்கு நீந்த இடம் வேண்டும். மாண்டரின் அழகுதான், ஆனால் நாள் முழுக்க நுண்ணிறால் தேடித் தின்னும் மீன். புதுத் தொட்டியில் மெலிந்து சாகும்.

ஈப்போவிலிருந்து வாங்கி வருகிறவர்கள் ஐஸ் பெட்டி மாதிரியான பாலிஸ்டைரீன் பெட்டி கொண்டு போங்கள். வெயிலில் நின்ற காரின் பூட்டில் வெறும் பை அரை மணியில் வெந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு வாளியில் கொட்டி, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக விட்டு அளவு இரட்டிப்பாகட்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முடிந்தால் புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். உப்புநீர் வெள்ளைப்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, தொட்டியை இரண்டரை மாதம் மீனில்லாமல் விட்டுத்தான் ஒழிக்க முடியும். செப்பு மருந்தை மெயின் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக்கூடாது. நத்தை, இறால், பவளம் எல்லாம் போகும், பாறையும் செப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பவளம் மூன்றாவது மாதத்தில். காளான் பவளம், ஸோவாந்திட், கென்யா ட்ரீ, தோல் பவளம் இவை பொறுமைசாலிகள். பிறகு டங்கன், ஹேமர் போன்றவை. ஹேமரின் நீண்ட கைகள் இரவில் பக்கத்துப் பவளத்தைச் சுடும், சுற்றிலும் 15 செ.மீ. விடுங்கள். பச்சை ஸ்டார் பாலிப்பைத் தனிக் கல்லில் வையுங்கள், பாறையில் ஏறினால் எல்லாவற்றையும் மூடிவிடும். வாங்கியதும் பவளக் குளியல் மருந்தில் 5 முதல் 10 நிமிடம் முக்கி, அடிக்கட்டையில் முட்டைக்கொத்தோ கண்ணாடி மாதிரியான அய்ப்டேசியாவோ (பவளத்தைச் சுடும் களைக் கடல்சாமந்தி) இருக்கிறதா பாருங்கள். முதல் இரண்டு வாரம் மணல்மேலேயே இருக்கட்டும், பிறகு மேலே ஏற்றலாம்.

ஸோவாந்திட் பற்றி ஓர் எச்சரிக்கை. சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நச்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைப்பதோ வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியாக மூச்சில் போய் வீட்டார் எல்லோரையும் மருத்துவமனையில் படுக்கவைக்கும்.

கடற்கரையில் பொறுக்கியதும் தீவில் உடைத்ததும் வேண்டாம். கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் பவளங்கள் எல்லாம் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. வளர்ப்பாளர் வெட்டிய துண்டுகளே மலிவும்கூட, தொட்டி வாழ்க்கைக்கும் பழகியவை.

காற்று வழியாக வருவது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. டிங்கி பரவும்போது சுகாதார இலாகா தெருவில் கொசுப்புகை அடிக்கும். அதில் இருக்கக்கூடிய பைரித்ராய்டு மனிதருக்கு அவ்வளவாகச் செய்யாது, இறாலையும் மீனையும் மிகக் குறைந்த அளவிலேயே கொல்லும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும்: ஸ்கிம்மர், காற்று மோட்டார், விசிறி மூன்றையும் அணையுங்கள், இவைதான் அறைக்காற்றைத் தண்ணீருக்குள் இழுப்பவை. வேவ்மேக்கர் ஓடட்டும். தொட்டிமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஈரத்துண்டு. சன்னல்களைச் சாத்துங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வீட்டைத் திறந்து காற்றோட விட்டு, பிறகு விரிப்பை எடுங்கள். பின்னறையில் 80 கிராம் புதுக் கார்பன் போடுங்கள். கொசு ஸ்ப்ரே அதே அறையில் என்றைக்குமே வேண்டாம், கொசுவத்தியும் தூரத்தில்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது ஸ்கிம்மரை அணைத்துவிடுங்கள், அல்லது அதன் காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டி விடுங்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கையோடு தொட்டிக்குள் கைவிட்டால் செப்பு உள்ளே போகும். முழங்கை வரை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகே. தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்பவர் வீட்டில் இருந்தால், தொட்டி வேலையை வேறொருவர் பார்ப்பது நல்லது.

வாரா வாரம்

சனிக்கிழமை காலை அரை மணி நேரம் போதும். கண்ணாடியைத் துடையுங்கள், 8 லிட்டரை மணல்மேல் படிந்த கழிவோடு சைபன் செய்து எடுங்கள், அதே உப்பும் அதே சூடும் உள்ள 8 லிட்டரை ஊற்றுங்கள். பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விட்டால் அதுவே நைட்ரேட் தொழிற்சாலை. தீனி நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

அளக்க வேண்டியவை (கேஎச் தவிர மற்றவை பிபிஎம்மில்): கேஎச் என்ற காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. மென்பவளத் தொட்டியில் வாராந்திரத் தண்ணீர் மாற்றமே எல்லாவற்றையும் ஈடுகட்டும். ஹேமர் போன்றவை வளர ஆரம்பித்ததும் கேஎச் முதலில் இறங்கும். 80 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்றச் சமையல் சோடா 2.4 கிராம், ஆர்ஓ தண்ணீரில் கரைத்து நீரோட்டத்தில் மெதுவாக ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு 1க்கு மேல் ஏற்றாதீர்கள். கால்சியம் கரைசலை அதோடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் கட்டியாகிப் பயனில்லாமல் போகும், சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆவியாவதை ஈடுகட்டும் தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு கலப்பது இன்னொரு வழி, கால்சியமும் கேஎச்சும் சேர்ந்தே ஏறும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. மோட்டார்களை மாதம் ஒருமுறை பாதி வினிகர் பாதித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துத் தேயுங்கள்.

கெடும்போது எங்கே பார்ப்பது

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மணல் பழுப்பாகும். டயாட்டம் பாசி, சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போகும், சும்மா விடுங்கள். பிறகு பச்சை முடிப்பாசி வரலாம்: கையால் பிடுங்குங்கள், தீனியைக் குறையுங்கள், டிடிஎஸ் இன்னும் 0தானா பாருங்கள். சிவப்பு வழவழப்புத் தோல் படர்ந்தால் சயனோ பாக்டீரியா, நீரோட்டம் எட்டாத இடம் என்று பொருள். உறிஞ்சி எடுத்து வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள். ஆன்டிபயாட்டிக் பொடி கடைசி வழி.

குமிழிகளோடு சளி மாதிரிப் பழுப்பு நூல் தொங்கி, இரவில் குறைந்து பகலில் திரும்ப வந்தால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 ஆகிவிட்ட, அளவுக்கு மீறிச் சுத்தமான தொட்டியில் வருவது இது. தண்ணீரை மாற்றினால் இன்னும் மோசமாகும். தீனியைக் கூட்டி நைட்ரேட்டை 5க்கும் பாஸ்பேட்டை 0.05க்கும் மேலே கொண்டுவாருங்கள்.

பவளம் விரியவில்லை என்றால் எதையும் ஊற்றும் முன் வரிசையாகப் பாருங்கள்: உப்பு, சூடு, கேஎச், பிறகு நீரோட்டம், கடைசியாக விளக்கு. பெரும்பாலும் முதல் மூன்றிலேயே விடை கிடைக்கும். கோமாளி மீன் மேல்மட்டத்தில் நின்று வேகமாக மூச்சு வாங்கினால் உடனே காற்று மோட்டாரைப் போட்டு அம்மோனியாவைச் சோதியுங்கள். தோலில் வெள்ளைச் சளி உரிந்தால் புரூக்லினெல்லா ஒட்டுண்ணி நோய், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் தனித் தொட்டி.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால்

ஐந்து நாள் போகிறீர்கள் என்றால், கிளம்பும் மூன்று நாள் முன்பு தண்ணீர் மாற்றி முடித்துவிடுங்கள், கிளம்பும் அன்று எதையும் தொடாதீர்கள். தானாக ஊற்றும் டப்பாவை நிரப்புங்கள். நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் ஐந்து நாளுக்கு 7.5 லிட்டர், 10 லிட்டர் டப்பா தாங்கும். டப்பா இல்லாமல் விட்டால் உப்பு 38ஐத் தாண்டிவிடும், அதற்கு முன்பே மோட்டார் போயிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் தீனி டப்பாவை அப்படியே கொடுக்காதீர்கள், பாசமாக அள்ளிப் போட்டுவிடுவார். இரண்டு நாளுக்கான அளவை மட்டும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். நன்றாகத் தின்று பழகிய வளர்ந்த மீன் இடையில் ஓரிரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆர்சிசிபி எங்கே இருக்கிறது, விழுந்தால் எந்தப் பக்கம் தூக்க வேண்டும், ஒருமுறை தூக்கியும் மறுபடி விழுந்தால் எந்த பிளக்கை முதலில் பிடுங்க வேண்டும் என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதி மெயின் பெட்டிமேல் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.